மழை நாளில் வெட்டிய மரம்

எழுதுகிற அளவுக்கு எனக்குப் படிப்பு கிடையாது. தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு சரி. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் இதை யாரிடமாவது சொல்லாமல் இருக்க முடியவில்லை.

எழுபதுகளின் கடைசியில் காம்பார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தேன். பட்டையைக் கீறிப் பால் எடுப்பதைத்தான் வெட்டுவது என்போம். வயது இருபத்திரண்டு. ஈப்போவில் அச்சாகும் வாரப்பத்திரிகை ஒன்று புதன்கிழமைதோறும் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு வரும். அதில் ஒரு துப்பறியும் தொடர்கதை. தோல் கோட்டு, மோட்டார் சைக்கிள், வாயில் சுருட்டு என்று ஒரு துப்பறிவாளர். அண்ணி சத்தமாகப் படிப்பார். பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து மூச்சு விடாமல் கேட்போம்.

அந்த முறை கதை எங்களைப் போன்ற ஒரு தோட்டத்திலேயே நடந்தது. கொட்டுகிற மழைக் காலையில், தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி கொலையுண்டு கிடக்கிறார். பிணம் கிடந்தது பால் வெட்டும் ஒரு பெண்ணுக்கு ஒதுக்கிய மரவரிசையில், அவளுடைய நிரையில். வீட்டில்தான் இருந்தேன் என்று அவள் அழுகிறாள். ஆனால் அவளுடைய மரங்களில் புதிதாக வெட்டிய காயம். "நீ இங்கே வந்திருக்கிறாய். மரம் பொய் சொல்லாது" என்று துப்பறிவாளர் விலங்கு மாட்டிவிட்டார். அடுத்த வாரம் முடிவு.

லயமே கொதித்துப்போனது. மழையில் யார் மரம் வெட்டுவார்கள்? பட்டை நனைந்தால் பால், மரத்தில் மாட்டியிருக்கும் மங்கில் விழாமல் கண்டபடி வழிந்து வீணாகிவிடும். மழை என்றால் எங்களுக்கு வேலையே கிடையாது.

"கூறுகெட்டவன்! ஒண்ணும் அறியாத பொண்ண தூக்குல போடப் போறான்லா" என்று அண்ணி திட்டினார். எனக்குச் சோறு இறங்கவில்லை. கதைதான் என்று தெரியும். தெரிந்தும் மனசு கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை துணி எடுக்க அண்ணியோடு ஈப்போவுக்குப் போனேன். "வா புள்ள, அந்த ஆளப் பாத்து ரெண்டு கேள்வி கேட்டுட்டுப் போலாம்" என்று பத்திரிகையின் பின்பக்கத்து விலாசத்தைக் காட்டினார் அண்ணி. அச்சகம் திறந்திருந்தது. உள்ளே பனியனும் கைலியுமாக ஒருவர் எழுதிக்கொண்டிருந்தார். ஒல்லி. விரலெல்லாம் மை. பக்கத்தில் ஆறிப்போன கோப்பி. அவர்தான் அந்த எழுத்தாளராம்!

அவ்வளவு பேசிய அண்ணிக்கு வாசலிலேயே வாயடைத்துவிட்டது. என்னை முன்னால் தள்ளினார். தரையைப் பார்த்தபடி சொன்னேன்.

"சார், அவள விட்டுருங்க. அவ செய்யல."

"யார தங்கச்சி?"

மழை, பட்டை, மங்கு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"அலாமாக்! நான் டவுன்லயே பொறந்து வளந்தவன்லா. பஸ்ஸுல போறப்ப பால்மரத்தப் பாத்ததோட சரி. படிக்கிறவங்க பாதிப் பேர் தோட்டத்து ஆளுங்க. எல்லாரும் சிரிச்சிருப்பாங்களே!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். மறுநாள் அச்சுக்குப் போக வேண்டிய கடைசி அத்தியாயம் பாதி எழுதியபடி கிடந்தது.

எனக்குப் பாவமாகிவிட்டது. வாய் தானாகப் பேசியது. "சார், வெட்டுனது தோட்டத்து ஆளே இல்லன்னு வச்சுக்கலாமே? வேல தெரியாத வெளியாளு. அவ மேல பழி போட வெட்டியிருப்பான்."

அவர் நாற்காலி விழும்படி எழுந்தார். "அப்ப தப்பு என்னோடது இல்ல, கொலகாரனோடது!"

எழுதிய தாள்களைக் கிழித்துப் போட்டார். "கத்திய எப்படிப் பிடிப்பீங்க? மழையில மங்கக் கவுத்து வைப்பீங்களா? சொல்லு, சொல்லு!" என்று கேட்டுக் கேட்டு எழுதினார். அண்ணிக்கும் வாய் திறந்துவிட்டது. மாற்றி மாற்றிச் சொன்னோம். துணிக்கடை மறந்தே போனது. கடைசி பஸ்ஸை ஓடித்தான் பிடித்தோம்.

புதன்கிழமை பத்திரிகை வந்தது. கிராணியின் டவுன் கூட்டாளி பிடிபட்டான். துப்பறிவாளர் விலங்கைக் கழற்றி, "மன்னித்துவிடம்மா, மரம் வெட்டுகிறவர்களைக் கேட்காமல் முடிவு செய்துவிட்டேன்" என்றார். லயத்தில் விசில் பறந்தது. நான் சுவரோரம் உட்கார்ந்து அழுதுகொண்டே சிரித்தேன்.

அதுவரை எனக்கு எதுவும் தெரியாது என்றே நினைத்திருந்தேன். எனக்கும் ஒன்று தெரியும் என்று காட்டியவர் தன் தப்பை ஒத்துக்கொண்ட அந்த மனுஷர்தான். இன்றும் யாராவது என்னைத் திருத்த வந்தால், கோபம் வந்தாலும் முழுக்கக் கேட்டுவிடுகிறேன்.

பத்திரிகை வந்த மறுநாள் காலை பெரட்டில் வழக்கம்போல் வரிசையில் நிற்க வைத்துப் பெயர் கூப்பிட்டார்கள், வேலைக்குப் போனோம். அன்றைக்குப் பால் சுமார்தான்.