வண்டிக்கு அடியில் ஒரு நம்பர்

முப்பத்தாறு வயதில் கல்யாணமாகி பெங்களூரிலிருந்து ராயபுரத்துக்கு வந்தபோது என்னுடன் வந்தவை இரண்டு பெட்டி, ஒரு மிக்சி, ஒரு ஸ்கூட்டர். பெட்டியைப் பற்றியும் மிக்சியைப் பற்றியும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஸ்கூட்டரைத்தான் ஆளாளுக்கு நிறுத்தி விசாரித்தார்கள், அதன் நெற்றியில் கர்நாடகா என்று எழுதியிருந்ததால்.

எனக்கு வேலை எண்ணூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில். காலையில் அந்தக் கடற்கரைச் சாலையில் டிரெய்லர் லாரிகளுக்கு நடுவே போய், சாயங்காலம் அதே லாரிகளுக்கு நடுவே திரும்புவேன். திருவொற்றியூர் டோல்கேட்டில் ஒரு கான்ஸ்டபிள் நிற்பார். முதல் நாள் கை காட்டி நிறுத்தி, "இன்னாம்மா, டூர் வந்துகிறியா?" என்று கேட்டார். இரண்டாம் மாதம், "டூர் ரொம்ப நாளா போய்கினு கீதே" என்றார். நான்காம் மாதம் சிரிப்பை நிறுத்திவிட்டார். "நம்பர் மாத்தாம இன்னொரு தபா இந்தாண்ட வந்த, வண்டி ஸ்டேஷன்ல நிக்கும், நீ ஷேர் ஆட்டோல போவ."

என் கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். நாற்பது டன் பெட்டியை நூல் பிடித்தாற்போல் இறக்கி வைப்பார், ஆனால் அரசாங்கப் படிவத்தைக் கண்டால் பேனாவை என்னிடம் நீட்டிவிடுவார். "பேசாம வித்துட்டு இங்க புதுசா ஒண்ணு வாங்கிக்கலாம்" என்றார். நல்ல யோசனைதான். நான் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. முப்பது வயதில், முழங்கால் இரண்டிலும் தோல் உரிய உரிய நான் ஓட்டக் கற்றுக்கொண்ட வண்டி அது. அந்த வீட்டில் கட்டில் அவருடையது, பீரோ அவருடையது, ஜன்னல் திரைகூட நான் வருவதற்கு முன்பே தொங்கியது. வண்டி ஒன்றுதான் என் பெயரில் இருந்தது. அதைக் கொடுக்க மாட்டேன் என்று முடிவு கட்டிவிட்டேன்.

லீவு போட்டு பெங்களூர் போய் தடையில்லாச் சான்று வாங்கி வந்தேன். இந்த வண்டி திருட்டு வண்டி அல்ல என்று போலீஸ் தரப்பிலிருந்தும் ஒரு தாள் அதோடு சேர்ந்தது. சான்று ஆறு மாதத்துக்குச் செல்லும். ஆறு மாதம் என்பது ஒரு யுகம் என்று நினைத்தேன். அதில் பெரும்பகுதியை எங்கள் வீட்டுக் கதவு சாப்பிட்டது. ராயபுரத்தில் எல்லா வீட்டுக்கும் இருப்பதுபோல் எங்கள் வீட்டுக்கும் பழைய எண் ஒன்று, புதிய எண் ஒன்று. தமிழ்நாட்டு நம்பருக்கு முகவரிச் சான்று கேட்டார்கள். ஆதாரில் பழைய எண் ஏறியது. கேஸ் பில்லில் புதிய எண் இருந்தது. இரண்டும் ஒரே கதவுதான் என்று நான் சொன்னதை யாரும் நம்பவில்லை. ஆதாரைத் திருத்தினால் கல்யாணச் சான்றிதழில் வேறு எண். எல்லாத் தாளும் ஒரே வீட்டுக்குள் வந்து சேர்ந்தபோது, சான்று காலாவதியாக மூன்று நாள் பாக்கி.

இதற்கிடையில் வண்டிக்கு நோய் வந்துவிட்டது. பெங்களூரில் ஆறு வருடம் ஒரு புள்ளி துரு கிடையாது. இங்கே உப்புக்காற்றில் நாலு மாதத்தில் சைலன்சர் உதிர ஆரம்பித்தது. ஒருநாள் வாசலில் உட்கார்ந்து அதைப் பார்த்து நான் புலம்பிக்கொண்டிருந்தபோது கீழ் வீட்டிலிருந்து மாமா எட்டிப் பார்த்தார்.

மாமா என் கணவரின் தாய்மாமன். பெற்றவர்கள் போன பிறகு என் கணவரை வளர்த்தவர் அவர்தான். காசிமேட்டில் படகுகளுக்குப் பெயின்ட் அடிப்பது தொழில். மீன்பிடித் தடைக்காலம் வந்தால் படகெல்லாம் கரையேறும், இவருக்குச் சாப்பிடக்கூட நேரம் இருக்காது. என்னிடம் அவர் பேசுவது தினம் ஒரே கேள்வி: "சாப்ட்டியா?" காலையில் நான் வண்டியைக் கிளப்பும்போது மட்டும் வாசலில் வந்து நிற்பார், ஒன்றும் சொல்ல மாட்டார். என் வண்டி ஓட்டுதல் அவருக்குப் பிடிக்கவில்லை என்று நான் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். எனக்கும் அவரை அவ்வளவாகப் பிடிக்காமல் இருந்தது.

அன்று குனிந்து வண்டியின் அடிவயிற்றைத் தடவிப் பார்த்தார். "சீக்கிரம் ஓட்ட வுழுந்துரும். போட்டுக்கு அடிக்கிற பெயின்ட்டு கீது, அடிச்சுக் குடுக்கறேன். அப்பால கடல்லயே வுட்டு ஓட்டலாம்."

ஞாயிற்றுக்கிழமை வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். சாயங்காலம் திரும்பி வந்தபோது வண்டிக்கு அடிப்பக்கம் முழுக்க படகு நீலம். "நம்பர்லாம் போட்டு பக்காவா முட்சிட்டேன்" என்றார். என்ன நம்பர் என்று நான் கேட்கவில்லை. அந்தச் சமயம் எனக்கும் ஆதார் மையத்துக்கும் போர் நடந்துகொண்டிருந்தது.

அந்த மூன்று நாள் பாக்கியில் முதல் நாள் காலை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போனேன். கணவருக்கு ஷிப்ட். "நான் வரேம்மா, பொம்பளப் புள்ள தனியா இன்னாத்துக்கு" என்று மாமா பின்னால் ஏறிக்கொண்டார். வழி முழுக்க என் தோளைப் பிடிக்காமல் சீட்டின் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு, லாரி வரும்போதெல்லாம் "வர்றான், வர்றான்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். இறங்கும்போது எனக்குத் தலைவலி.

தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டிய ஆய்வாளர் ஒரு குறையும் கண்டுபிடிக்கவில்லை. எனக்கே லேசாக ஏமாற்றமாக இருந்தது, அவ்வளவு சண்டைக்குத் தயாராகப் போயிருந்தேன். பிறகு வண்டியைப் பார்க்க வெளியே வந்தார். கையில் ஒரு வெள்ளைத்தாள், ஒரு பென்சில். கம்பெனி வண்டிக்குக் கொடுத்த சேசிஸ் நம்பர் கால் வைக்கும் பலகைக்கு அடியில் இரும்பில் குத்தியிருக்கும். அதன்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் நம்பர் தாளில் ஏறும். அதைக் கோப்பில் ஒட்டுவார்கள்.

ஆய்வாளர் கீழே குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "இங்க வாங்கம்மா" என்றார்.

நானும் குனிந்தேன். இரும்பில் குத்திய நம்பர் இருந்த இடத்தில் கனமான நீலப் பெயின்ட். அதன்மேல் வெள்ளையில், ஒவ்வொரு எழுத்துக்கும் சிவப்பு நிழல் கொடுத்து, அதே சேசிஸ் நம்பர் அழகாகக் கையால் எழுதியிருந்தது. கடைசியில் ஒரு சின்னப் பூ வேறு.

"யாரு எழுதினது இது?" ஆய்வாளரின் குரலில் இப்போது 'அம்மா' இல்லை. "சேசிஸ் நம்பரை மறைச்சு மேல வேற எழுதறது எவ்வளவு பெரிய குத்தம்னு தெரியுமா? திருட்டு வண்டிக்குத்தான் இந்த வேலை பார்ப்பாங்க. போலீசுக்கு எழுதினா வண்டி உள்ள போயிடும்."

வண்டி போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம். அதைவிட, இந்த அறுபத்தைந்து வயது மனுஷனை ஸ்டேஷனில் உட்கார வைத்தால் ராத்திரி கணவர் முகத்தில் எப்படி விழிப்பது என்ற பயம். யோசிக்காமல் சொல்லிவிட்டேன்: "நான்தான் சார் எழுதினேன். தெரியாம பண்ணிட்டேன்."

மாமா என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். நன்றி இல்லை. அவமானம்.

"இன்னாம்மா சொல்ற நீ? சார், இவ சொல்றத நம்பாதீங்க. இவளுக்கு பிரஷ்ஷு புடிக்கவே தெரியாது. பொங்கலுக்கு வாசல்ல ஒரு கோலம் போட்டா, தெருவே சிரிச்சுது. இந்த மாதிரி ஒரு எய்த்து இவ எய்துவாளா? நீங்களே சொல்லுங்க."

"மாமா, சும்மா இருங்க" என்றேன் பல்லைக் கடித்து.

"நான் இன்னாத்துக்கு சும்மா கீறது? காசிமேட்ல போயி கேளுங்க சார். எந்த போட்டுல நம்பர் நல்லா கீதோ அது என் கை."

ஆய்வாளர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். குற்றத்தை ஒத்துக்கொள்ள இரண்டு பேர் அடித்துக்கொள்வதை அந்த வளாகம் பார்த்திருக்காது. லைசென்ஸ் எடுக்க வந்தவர்கள்கூட வரிசையை விட்டு வந்து சுற்றி நின்றார்கள்.

"சரி பெரியவரே, நீங்கதான் எழுதினீங்க. எதுக்கு எழுதினீங்க? வண்டிக்கு அடியில இதை யாரு பார்க்கப் போறாங்க?"

"கவுந்துச்சின்னா அடிதான சார் மேல தெரியும்" என்றார் மாமா.

ஆய்வாளருக்குப் புரியவில்லை. எனக்கும்தான்.

"போட்டு கவுந்துச்சின்னா சார், அடிப்பக்கம்தான் தண்ணிக்கு மேல நிக்கும். பக்கத்துல எய்தின நம்பர் எல்லாம் உள்ள போயிரும். எங்க மச்சான் போட்டு அப்டித்தான் கெடந்துச்சு. தூரத்துல இருந்து பாத்துட்டு வந்தவன் ஒரு போட்டு கவுந்துகினு கீதுன்னு மட்டும்தான் சொன்னான். யாரு போட்டுன்னு அவனுக்குத் தெரியல. அன்னிக்கு கரைக்கு வராத போட்டு மூணு. மூணு வூட்டு பொம்பளைங்களும் பொழுது சாயற வரைக்கும் அழுதாங்க. எங்க அக்காவும்தான். அன்னிலருந்து நான் பெயின்ட்டு அடிக்கற போட்டுக்கெல்லாம் அடியிலயும் நம்பர் போடுவேன். ஓனருங்க சிரிப்பாங்க. சிரிச்சா சிரிச்சிட்டுப் போறாங்க."

பிறகு என்னைக் கைகாட்டினார். "இது டெய்லி அந்த டிரெய்லர் நடுவுல பூந்து போவுது சார். ஒண்ணும் சொல்ல முடியல, படிச்ச பொண்ணு, அது வேல அது. ரோட்டுல வுழுந்து கெடந்தா யாரு வூட்டுப் பொண்ணுன்னு எவனுக்குத் தெரியும்? வண்டி மேல கீற நம்பரு கர்நாடகா. ஃபோன் போட்டா அங்க போவும். அடியில கீற இது எந்த ஊருக்குப் போனாலும் மாறாதுல்ல?"

அவருடைய அக்காதான் என் மாமியார், நான் பார்த்ததே இல்லை. அந்த மச்சான் என் கணவரின் அப்பா. கடலில் போனார் என்று மட்டும்தான் என்னிடம் சொல்லியிருந்தார்கள். மூன்று வீட்டுப் பெண்கள் சேர்ந்து அழுததை யாரும் சொல்லவில்லை. இந்த மனுஷன் தினமும் வாசலில் வந்து நின்றதை நான் எப்படி எடுத்துக்கொண்டேன் என்று நினைத்தபோது எனக்கு என் மேலேயே வெறுப்பு வந்தது. அழுகையும் வந்தது. சுற்றி நின்ற கூட்டத்தில் அழ இஷ்டமில்லாமல் ஹெல்மெட்டைத் தலையில் மாட்டிக்கொண்டேன்.

ஆய்வாளர் பென்சிலைச் சட்டைப்பையில் செருகினார். "நாலு மணி வரைக்கும் இருப்பேன். பெயின்ட்டை எடுத்துட்டு வாங்க. கத்தி, உளி எதுவும் வைக்கக் கூடாது, நம்பர்ல கீறல் விழுந்தா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. அடியில இருக்கறது தாள்ல இருக்கற மாதிரி வந்துச்சுன்னா பார்க்கலாம்."

பக்கத்து ஹார்டுவேர் கடையில் பெயின்ட்டைக் கரைக்கும் தின்னர் வாங்கினோம். மரத்தடியில் வண்டியைச் சாக்கின்மேல் படுக்க வைத்து மாமா துணியை நனைத்தார். கலப்படமில்லாத படகுப் பெயின்ட், அவ்வளவு லேசில் போகவில்லை. தன் எழுத்தைத் தானே அழிக்கிறவருடைய முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. பூவுக்கு வந்தபோது, "நல்லாத்தான் வந்துகிச்சு இந்தப் பூ" என்றார். நானும் ஒரு துணியை எடுத்துத் தேய்த்தேன். அரைமணி கழித்து, "நீ இன்னா பாத்திரமா வெளக்கற? மெதுவா" என்று திட்டினார். அவர் என்னைத் திட்டியது அதுதான் முதல் தடவை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

மூன்றரைக்கு இரும்பு தெரிந்தது. வண்டியில் பெயின்ட் படாத இடமெல்லாம் துரு தின்றிருக்க, பெயின்ட்டுக்கு அடியில் இருந்த நம்பர் மட்டும் பெங்களூரில் வாங்கிய நாள்போல் பளிச்சென்று இருந்தது. ஆய்வாளர் தாளை வைத்துத் தேய்த்தார். பதினேழு எழுத்தும் ஒன்றுவிடாமல் ஏறின. "இந்தப் பக்கத்து வண்டியில இவ்வளவு தெளிவா நான் பார்த்ததே இல்ல" என்று கையெழுத்துப் போட்டார். போகும்போது மாமாவைத் தனியாகக் கூப்பிட்டு, அந்த இரும்பில் இனி சாமி படம்கூட வரையக் கூடாது, பக்கத்திலிருக்கும் பிளாஸ்டிக் மூடியில் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள் என்றார்.

மூன்று வாரத்தில் தபாலில் ஆர்.சி. வந்தது. தமிழ்நாட்டு நம்பர், என் பெயர், ராயபுரத்து முகவரி. புதிய எண்ணும் பழைய எண்ணும் இரண்டுமே போட்டிருந்தார்கள். கான்ஸ்டபிள் புது நம்பர் பிளேட்டைப் பார்த்துவிட்டு என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அடுத்த ஞாயிறு, மாமா தயங்கித் தயங்கி மாடிக்கு வந்தார். "புது நம்பர அந்த பிளாஸ்டிக்ல எய்தட்டா? வாணான்னா வாணாம்."

"எழுதுங்க" என்றேன். தெருவில் வண்டியைச் சாய்த்துப் படுக்க வைத்தோம். அவர் பிரஷ்ஷைத் தொட்டு, மூச்சைப் பிடித்து, ஒரே இழுப்பில் எழுதி முடித்தார். நான் டீ கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"மாமா, அதுக்குக் கீழ ஒரு ஃபோன் நம்பரும் போட்டுடுங்க."

"அவனுதா?"

"அவரு கிரேன் மேல இருந்தா ஃபோன் எடுக்க மாட்டாரு. உங்களோடது போடுங்க."

மாமா பிரஷ்ஷைப் பெயின்ட்டில் தொட்டு வண்டிக்குக் கொண்டுபோய் நிறுத்தினார். பிறகு, "என் நம்பரு எனக்குத் தெரியாதேம்மா" என்றார்.

எனக்குத் தெரிந்திருந்தது. ஒவ்வொரு எண்ணாகச் சொன்னேன், அவர் எழுதினார்.