நீலப் பொட்டும் செம்புக் கம்பியும்

பவர் சப்ளை போர்டு பழுதுபார்க்கிற தொழிலில், செத்துப்போன சாமானுக்குத்தான் திட்டு விழும். அது எதைக் காப்பாற்றிவிட்டுச் செத்தது என்று யாரும் கேட்பதில்லை. ஐப்பசி இடி முழங்கினால் ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்குகிற நீங்களும் என் கூட்டத்து ஆட்கள்தான், அதனால் சொல்கிறேன்.

வெடித்த பொட்டு

பூதப்பாண்டியில் என் கடைக்கு ஒரு பலசரக்குக் கடைக்காரர் டிவியோடு வந்தார். முந்தின நாள் நல்ல இடி. கரண்ட் உள்ளே நுழைகிற இடத்திலேயே வேரிஸ்டர் என்று நீலப் பொட்டு மாதிரி ஒன்று இருக்கும். கரண்ட் எகிறினால் அது தன்மேல் வாங்கிக்கொண்டு வெடிக்கும். கூடவே ஃப்யூஸ் அறுந்து வழியை அடைக்கும். பின்னால் இருப்பதெல்லாம் பிழைத்துக்கொள்ளும். இதைப் பொறுமையாக விளக்கினேன். முழுக்கக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்:

"அதெல்லாம் சரிதான் ஓய். வெடிக்காத பொட்டா ஒண்ணு போட்டுத் தாரும்."

கெல்ஃப் வைத்தியம்

எங்கள் ஊர்ப் பகவதியக்காவின் கணவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன்; அவருக்கு நுரையீரல் பழுது. வீட்டில் கரண்டில் ஓடுகிற ஆக்சிஜன் மெஷினை நம்பித்தான் அண்ணனின் மூச்சு. ஒரு இடியில் அது நின்றுபோனது. கெல்ஃபில், அதாவது வளைகுடா நாட்டில், வேலை பார்த்துத் திரும்பியிருந்த கொழுந்தன் ஐயப்பன், கருகிய பொட்டை வெட்டி எறிந்து, ஃப்யூஸ் இடத்தில் செம்புக் கம்பியைச் சுற்றி ஓடவிட்டான். அக்காவுக்கு மனம் கேட்கவில்லை. அண்ணனைக் கொஞ்ச நேரம் ஆக்சிஜன் சிலிண்டரில் விட்டுவிட்டு, ஐயப்பனோடு மெஷினை என் கடைக்குக் கொண்டுவந்தார்.

திறந்து பார்த்தேன். இன்னொரு இடி விழுந்தால் போர்டு மொத்தமும் போகும். புதுப் போர்டு வெளியூரிலிருந்து வரவேண்டும். அதுவரை சிலிண்டர் தாங்காது. கம்பியைப் பிடுங்கிவிட்டுப் புதுப் பொட்டும் ஃப்யூஸும் வைத்தேன். ஐயப்பனுக்கு முகம் சிவந்துவிட்டது.

"நான் கெல்ஃபில ஆள் உயரக் கரண்ட் பேனல் பாத்தவன். இந்தச் சுண்டுவிரல் சாமானா எனக்குப் பாடம் சொல்லுது?"

இறங்கிய முள்

அடுத்த மழையில் ஒரு மத்தியானம் அக்கா போன் செய்தார். இடி விழுந்து மெஷின் நின்றுவிட்டது, அண்ணன் சிலிண்டரில் இருக்கிறார், சிலிண்டரில் மிச்சம் காட்டுகிற முள் இறங்கிக்கொண்டே இருக்கிறது. நனைந்துகொண்டு பைக்கில் போகும்போது எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. நான் வைத்த ஃப்யூஸ்தானே மெஷினை நிறுத்தியது? அக்கா வாசலிலேயே நின்றிருந்தார்.

"கம்பி கெடந்திருந்தா இப்பம் ஓடிக்கிட்டு இருந்திருக்குமே, மக்கா!"

அண்ணன் கேட்டது

திறந்தேன். பொட்டு வெடித்து ஃப்யூஸ் அறுந்திருந்தது. போர்டில் வேறெதற்கும் ஒரு சேதமும் இல்லை. இரண்டையும் மாற்றினேன்; மெஷின் ஓடியது. அக்கா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

அப்போது அடுத்த வீட்டிலிருந்து ஐயப்பன் கையெல்லாம் கரியாக வந்தான். அவன் தன் டிவியிலும் கம்பிதான் சுற்றியிருந்தான். அதே இடியில் டிவி எரிந்து, ஜன்னல் திரையும் கருகியிருந்தது. அண்ணன் மூச்சு வாங்கிக்கொண்டு மெல்லக் கேட்டார்:

"லேய் தம்பி, உனக்க கம்பி மட்டும் சொகமா இருக்கா?"

வெடித்த பொட்டை நான் ஜன்னல் வழியாக எறியப் போனேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தூரப் போடாத மக்கா. இவருக்கு வந்தத அது வாங்கிக்கிட்டுது."

என் தொழிலில் திட்டு வாங்காமல் செத்த சாமான் அது ஒன்றுதான். பலசரக்குக் கடைக்காரர் இன்னும் வெடிக்காத பொட்டு கேட்டு வந்துகொண்டிருக்கிறார்.