மாஸ்டர் வெளியே சாப்பிடக் கூடாது

என் தங்கையின் கணவருக்குச் சமையல் வேலை. ஹோட்டலில் இல்லை, பஸ்ஸில். ஆசியாவைத் தரைவழியாகவே குறுக்கே கடக்கும் சுற்றுலா பஸ் அது. பத்து நாடு, மூன்று மாதம், முப்பத்திரண்டு பயணிகள். வண்டி ஓட்டுகிறவன் நான். போகிற ஊரெல்லாம் அத்தனை பேருக்கும் வீட்டுச் சாப்பாடு போடுகிறவர் அவர். எல்லோரும் அவரை மாஸ்டர் என்பார்கள், நான் மாப்பிள்ளை என்பேன். வருடம் ஒரு பயணம் வீதம் பதினோரு முறை போய் வந்திருக்கிறோம். முதல் பயணத்தைத் தள்ளிவிட்டால், பத்து வருடமாக அந்த மனிதர் வெளியே ஒரு வாய் சாப்பிட்டதில்லை. நினைத்தாலே எனக்கு ஆத்திரமாக வரும்.

நான் அப்படியில்லை. வண்டியை நிறுத்தியதும் லாரிக்காரர்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்றுதான் பார்ப்பேன். அங்கே போய்ப் பக்கத்து ஆள் தட்டைக் காட்டி, இதுதான் வேண்டும் என்று சைகை செய்து, வெளுத்துக் கட்டிவிட்டு வருவேன். பெயர் தெரியாமலே எவ்வளவோ தின்றிருக்கிறேன்.

முதல் பயணத்தில் மாப்பிள்ளையும் என்னோடு சாப்பிட வந்தார். ஒரு மலையடிவார ஊரில், தள்ளுவண்டியில் வறுத்த மீன் வாங்கி இருவரும் சாப்பிட்டோம். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் இரண்டு நாள் எழுந்திருக்கவே இல்லை. பயணிகள் ரொட்டியும் வாழைப்பழமுமாக ஓட்டினார்கள். சர்க்கரை வியாதிக்காரப் பெரியவர் ஒருவர் பஸ் படியிலேயே மயங்கி விழுந்துவிட்டார். அவர் பிழைத்ததே பெரிய விஷயம். கம்பெனி சார்பில் கூடவே வருகிற மேனேஜர், எல்லோர் முன்னாலும் மாப்பிள்ளையை நிற்க வைத்து, இனிமேல் பயணம் முடிகிற வரை வெளியே சாப்பிட மாட்டேன் என்று சொல்ல வைத்தார்.

"நீங்க படுத்தா முப்பத்திரண்டு பேர் பட்டினி, மாஸ்டர். அதை மறந்துடாதீங்க."

மேனேஜர் அதை மறுபடி சொல்லவேண்டிய அவசியமே வரவில்லை. இவர் மனசில் அப்படியே பதிந்துவிட்டது. யாருக்கும் தெரியாமல் சாப்பிடட்டும் என்று நான் பொட்டலம் கட்டிக்கொண்டு வருவேன். பிரித்து மோந்து பார்ப்பார். பூண்டைக் கொஞ்சம் கருக விட்டிருக்கிறார்கள், இந்தப் புளிப்பு எலுமிச்சை இல்லை, ஏதோ இலை என்பார். சொல்வது அத்தனையும் சரியாக இருக்கும். சொல்லிவிட்டுப் பொட்டலத்தை மடித்து என் கையிலேயே கொடுத்துவிடுவார். கோபத்தில் அதை அவர் எதிரிலேயே சாப்பிடுவேன்.

வீட்டில் கதையே வேறு. பத்து நாட்டுச் சாப்பாட்டையும் ஒரு கை பார்த்தவர் என்று சொந்தக்காரர்களிடம் அவருக்குப் பெரிய பேர். கல்யாண வீட்டில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவரைச் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். இவரும் நான் சொன்னதையும் தான் மோந்ததையும் சேர்த்து அளந்து விடுவார். என் தங்கை பெருமையாகப் பார்த்துக்கொண்டிருப்பாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். உண்மையைச் சொன்னால் என்ன என்று ஒருமுறை கேட்டேன்.

"பத்து நாடு சுத்திட்டு, நான் வெச்ச குழம்பையே தின்னுட்டு வந்தேன்னு சொல்லவா மச்சான்?" என்றார்.

இந்த வருடம் கம்பெனிக்குப் புதுப் புத்தி வந்தது. 'ஊர் ஊராக ருசி பார்ப்போம்' என்று பஸ்ஸின் பக்கவாட்டில் ஆள் உயரத்துக்கு எழுதிவிட்டார்கள். வந்த பயணிகளும் சாப்பாடு தேடியே கிளம்பி வந்தவர்கள். அப்படியென்றால் சமையல்காரர் எதற்கு? எதற்கும் இருக்கட்டும் என்று அவரையும் வண்டியில் ஏற்றிவிட்டார்கள்.

தங்கும் விடுதியின் பின்கட்டில், சாக்கடை ஓரம், தகரக் கூரைக்குக் கீழே இரண்டு அடுப்பை மூட்டி இவர் காலையிலிருந்து வெங்காயம் உரிப்பார். பயணிகள் மூக்குமுட்டத் தின்றுவிட்டு வருவார்கள். வந்து சும்மா அறைக்குப் போகமாட்டார்கள். மாஸ்டர் பாவம் என்று பின்கட்டுக்கு வந்து, என்ன சாப்பிட்டோம், எப்படிக் கரைந்தது, எப்படிக் காரம் ஏறியது என்று போட்டோவோடு விளக்குவார்கள். நீங்களும் ஒரு நாள் இதே மாதிரி செய்யுங்களேன் என்று வேறு கேட்பார்கள். வெளியே சாப்பிட விடாமல் வைத்திருக்கிற மனிதரிடம் கேட்கிற கேள்வியா இது? ஐந்து கிலோ அரிசி மூன்றாகி, மூன்று ஒன்றானது. அந்த ஒன்றும் மிஞ்சியது. காலையில் மிஞ்சியதை இரவிலும், இரவில் மிஞ்சியதைக் காலையிலும் அவர்தான் தின்றார்.

"என் கையால ஆக்கினதையே தின்னு தின்னு நாக்கு செத்துப்போச்சு மச்சான்," என்றார் ஒரு நாள். பத்து வருடத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் புகார் அதுதான்.

நேரே மேனேஜரிடம் போனேன். இவர் சமைப்பதை யாரும் தொடுவதில்லை, ஒரு நாளாவது அவரை வெளியே சாப்பிட விடுங்கள் என்று கேட்டேன். தலைமையாசிரியை அம்மா இருக்கிறாரே, அவர் மாஸ்டர் சாப்பாட்டைத் தவிர எதையும் தொடமாட்டாரே என்றார் மேனேஜர். அது உண்மைதான். பணி ஓய்வு பெற்ற அந்த அம்மா ஒருத்தர் மட்டும் தினமும் தட்டோடு அடுப்புக்கு எதிரில் வந்து உட்கார்ந்துவிடுவார். அந்த ஒரு தட்டுக்காக இவர் அரைத்தார், வறுத்தார், தாளித்தார்.

ஏழாவது வாரம் ஒரு மத்தியானம் அந்த அம்மாவும் உதட்டில் எண்ணெய் மினுங்க வந்து நின்றார். எல்லோரும் கூப்பிட்டார்கள், சும்மா ஒரு வாய்தான் சாப்பிட்டேன் மாஸ்டர், வயிறு நிறைந்துவிட்டது என்றார். காப்பியடித்து மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி தரையைப் பார்த்தபடிதான் சொன்னார். மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே, அதனால் என்னம்மா என்றார். அவருக்காகப் போட்டு மூடி வைத்திருந்த சோற்றை, அவர் போனபிறகு பானையிலேயே திருப்பிக் கொட்டினார்.

மறுநாள் காலை மேனேஜர் பின்கட்டுக்கு வந்தார். நான் டயருக்குக் காற்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஆபீசில் பேசிவிட்டதாகவும், இன்றிலிருந்து சமையல் வேண்டாம் என்றும், பாத்திரங்களை வண்டிக்குக் கீழே ஏற்றிவிடலாம் என்றும் சொன்னார். அடுத்த வருடம் முதல் சமையல்காரரே கிடையாதாம். பிறகு ஏதோ வரம் கொடுப்பது போல முகத்தை வைத்துக்கொண்டார்.

"இனிமே நீங்க இஷ்டத்துக்கு வெளிய சாப்பிடலாம் மாஸ்டர். உங்களுக்கு உடம்பு முடியாமப் போனாக்கூட ஒரு பிரச்சனையும் இல்ல."

நல்ல மனசோடுதான் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கையில் இருந்த ஸ்பானரை எங்கே எறியலாம் என்று பார்த்தேன். மாப்பிள்ளை கேட்டதோ, ஊறப்போட்ட பருப்பை என்ன செய்வது என்று.

மத்தியானம் அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். பஸ் நிலையத்துக்குப் பின்னால் நான்கு பெஞ்சு போட்ட கடை. ஒரு அம்மா பெரிய பானையில் எலும்பு வேகவைத்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை டாக்டரைப் பார்க்க வந்தவர் போலப் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தார். ஆவி பறக்கச் சாறும், பக்கத்தில் ரொட்டியும் வந்தது. மோந்து பார்த்தார். ஒரு கரண்டி வாயில் வைத்தார், இன்னொரு கரண்டி வைத்தார், கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"நல்லாத்தான் இருக்கு மச்சான். ஆனா வயித்தைப் பத்தியே நினைப்பா இருக்கு. என்ன ஆகுமோன்னு."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ன ஆனா என்ன மாப்பிள்ளை? அதான் அந்த ஆளே சொல்லிட்டாரே."

"ஆமா," என்றார். "பத்து வருஷமா நான் படுத்தா முப்பத்திரண்டு பேர் பட்டினி. இன்னிக்கு நான் படுத்தா யாருக்கும் ஒண்ணுமே இல்ல."

என் கிண்ணம் ஆறிக்கொண்டிருந்தது. அவர் தன்னுடையதை இரண்டு கையாலும் தூக்கிக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். இன்னும் வேண்டுமா என்று கடைக்கார அம்மா சைகையில் கேட்டார். வேண்டும் என்று தலையாட்டினார்.