சன்னல் சீட்டில் போன பை

ஞாயிறு சாயங்காலம் பாப்பாரப்பட்டியில் பஸ் ஏறியவர்களுக்குத் தெரியும். ஊருக்கு வந்த காலேஜ் பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரே பஸ்ஸுக்குத்தான் நிற்போம்.

இன்றும் பஸ் வந்து நிற்பதற்குள், சன்னல் வழியாகப் பையைப் போட்டு சீட் பிடித்துவிட்டேன். ஏறத்தான் முடியவில்லை.

"அடுத்த வண்டியில வாம்மா, தொங்காத" என்று சொல்லிவிட்டு கண்டக்டர் விசில் அடித்தார்.

"அண்ணா, என் பை உள்ள இருக்குதுங்க!"

கத்திக்கொண்டே பின்னால் ஓடினேன். பஸ் நிற்கவில்லை.

பையில் கெமிஸ்ட்ரி ரெக்கார்டு இருந்தது. நாளைக் காலை அதில் கையெழுத்து வாங்காவிட்டால் பிராக்டிகலுக்கு விடமாட்டார்கள். ஆறு மணிக்கு ஹாஸ்டல் கேட் வேறு மூடிவிடும்.

இருபது நிமிடம் கழித்து அடுத்த பஸ் வந்தது. நசுங்கிக்கொண்டு நின்றேன். ஒவ்வொரு நிறுத்தத்திலும் யாரோ என் பையோடு இறங்குவதுபோலவே இருந்தது.

தருமபுரி பஸ் ஸ்டாண்டில் முதல் பஸ் இன்னும் நின்றிருந்தது. உள்ளே பாய்ந்தேன். பை போட்ட இடத்திலேயே இருந்தது.

"ஆளு வரும்னு கடைசி வரைக்கும் அதுல ஒருத்தரும் உக்காரலம்மா" என்றார் அதே கண்டக்டர்.

படி வரைக்கும் தொங்கிய கூட்டத்தில், என் பை மட்டும் டிக்கெட்கூட எடுக்காமல் காற்று வாங்கிக்கொண்டு வந்திருக்கிறது. நான் ஆறு பத்துக்கு ஹாஸ்டல் வாசலில் திட்டு வாங்கினேன்.

நாளைக்குக் காலேஜுக்கும் பையையே அனுப்பிவிடலாம் என்றிருக்கிறேன். அட்டென்டன்ஸ் போடுவார்களா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.