பொதட்டூர்பேட்டையிலிருந்து வராத பதில்

காவடி எடுத்து வந்த கூட்டம்தான் என் இணைப்பை முறித்துவிட்டது என்று முதலில் நம்பினேன். ஆடிக் கிருத்திகையன்று திருத்தணியில் செல்போன் செத்துப்போவது வழக்கம். ஆனால் என் கம்ப்யூட்டருக்கு வருவது கேபிள் லைன். டவருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இருபது வருடமாக புரோகிராம் எழுதிச் சாப்பிடுகிறவனுக்கு இது தெரியாதா? தெரியும். பதறும்போது தெரிந்ததெல்லாம் எங்கே போய் ஒளிந்துகொள்கிறது என்பதுதான் தெரியவில்லை.

அக்காவின் கணவர், என் பாவா, மூச்சுக் கோளாறில் படுத்திருந்தார். பொதட்டூர்பேட்டையில், கூடத்தில் நாலு தறி ஓடும் வீடு. இருமினால்கூட உள்ளே கேட்காது. அதனால் அவர் கட்டிலருகே ஒரு சின்னக் கம்ப்யூட்டர் பெட்டியும் பொத்தானும் வைத்தேன். அழுத்தினால் திருத்தணியில் என் மேசையில் மணி அடிக்கும். நான் அக்காவுக்குப் போன் செய்வேன். அங்கே ஒரு புரோகிராம், இங்கே ஒரு புரோகிராம், இரண்டும் பேசிக்கொள்ள நடுவே ஒரு சாக்கெட் இணைப்பு. நிமிடத்துக்கு ஒருமுறை அங்கிருந்து “இருக்கேன்” என்று சேதி வரும். வராவிட்டால் என் திரை சிவக்கும்.

“ஏன் மச்சான், நான் செத்துப் பூட்டா கூட உன் பொட்டி இருக்கேன்னு சொல்லிகினு இருக்குமா?”

“ஆங், சொல்லும் பாவா. அதுக்கு உங்க மேல அவ்ளோ பாசம்.”

சிரித்தார். சிரிப்பு இருமலானது. அக்கா என்னை முறைத்தாள்.

கிருத்திகையன்று காலை பதினொரு மணிக்குத் திரை சிவந்தது. என் புரோகிராமை நிறுத்தி மறுபடி ஓட்டினேன். போர்ட் எண்ணை எட்டு முறை சரிபார்த்தேன். எட்டு முறையும் அதே எண்தான். ஃபயர்வாலை அணைத்தேன். மோடத்தைப் பிடுங்கிச் செருகினேன். மலையைப் பார்த்து ஒரு கும்பிடும் போட்டேன். அந்த முறை எந்தக் கையேட்டிலும் இல்லை.

அங்கே புரோகிராம் மட்டும் நின்றிருந்தால், பெட்டி உடனே இணைப்பை மறுத்திருக்கும். மறுப்பும் ஒரு பதில்தான். எனக்கு அதுகூட வரவில்லை. அப்படியென்றால் பெட்டியே அணைந்திருக்கிறது. இதைக் கண்டுபிடிக்க இந்த மேதைக்கு முக்கால் மணி நேரம் ஆனது. அக்காவுக்குப் போன் போட்டேன். போகவில்லை.

வண்டியை எடுத்தேன். மஞ்சள் துணிக் கூட்டத்துக்குள் ஹாரன் அடித்துக்கொண்டே நுழைந்தேன்.

“யோவ், சாமி வருதுயா, ஓரமா போ!”

“எனக்கும் அதாங்க வந்துகினு இருக்குது, வழி வுடுங்க!”

பாவாவின் தெருவில் ஒரு தறிச் சத்தமும் இல்லை. வாசலில் ஷாமியானா கட்டிக்கொண்டிருந்தார்கள். அக்கா என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

“எத்தினி வாட்டிடா போன் போட்டேன்? போவவே இல்லியே. இன்னாடா பண்ணிகினு இருந்த?”

“லைன் கட்டாயிடுச்சுக்கா. சரி பண்ணிகினு இருந்தேன்.”

பாவா பத்தரை மணிக்குத் தூக்கத்திலேயே இறந்துவிட்டார். பொத்தானை அழுத்தவில்லை. சாவு விழுந்தால் அந்தத் தெருவில் தறி ஓட்ட மாட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர் பதினொரு மணிக்கு வந்து மெயின் சுவிட்சை அணைத்தார். என் பெட்டியும் அதே லைனில்தான் இருந்தது.