ஏழுமலை இந்தத் தடவை நடிக்கவில்லை

1. லட்டு

ஐ.சி.யூ. வாசலில் எனக்கு லட்டு கொடுத்தவர்கள் என் வேலைக் காலத்தில் ஒரே ஒரு கூட்டம்தான். பிரசவ வார்டில் லட்டு வரும், கேக் வரும், சில சமயம் புடவைகூட வரும். எங்கள் பக்கம் கேள்வி மட்டும்தான் வரும். அதனால் அந்த மத்தியானம் கம்பெனி யூனிஃபார்மில் பத்துப் பேர் காரிடாரில் நின்று ஒருவர் வாயில் ஒருவர் லட்டு ஊட்டுவதைப் பார்த்ததும், மாடி தெரியாமல் லிஃப்டிலிருந்து இறங்கிவிட்டார்கள் என்றே நினைத்தேன். அதில் ஒருவர் என் கையிலும் ஒன்றை வைத்தார்.

"ஏழுமலை கால ஆட்டிட்டான் சிஸ்டர்" என்றார்.

ஏழுமலையின் மூளை முழுவதும் செத்துவிட்டது என்று டாக்டர்கள் முதல் சோதனையை முடித்தது அன்று காலையில்தான். சட்டப்படி சில மணி நேரம் விட்டு இரண்டாவது முறையும் சோதிக்க வேண்டும். அந்த இடைவெளியில்தான் லட்டு வந்தது. அதைச் சாப்பிடவும் முடியவில்லை, கீழே போடவும் முடியவில்லை. யூனிஃபார்ம் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு உள்ளே போனேன். சாயங்காலம் பாக்கெட்டெல்லாம் நெய்.

ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஐ.சி.யூ. இன்சார்ஜாக இருந்தேன். இப்போது புதிதாக வரும் நர்ஸ்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். ஊசி, டியூப், மானிட்டர் எல்லாம் கைப்பழக்கத்தில் வந்துவிடும். நெஞ்சு ஏறி இறங்கும்போது, உடம்பு சூடாக இருக்கும்போது, "உங்கள் ஆள் இறந்துவிட்டார்" என்று சொல்வது மட்டும் எனக்கும் கடைசிவரை பழகவில்லை. அதைக் கேட்கும் பிள்ளைகளுக்கு நான் ஏழுமலை கதையைத்தான் சொல்வேன்.

2. ஏழுமலையின் பெயர் அப்படி

மண்ணூர்க்காரர். ஒரகடத்தில் லாரி தயாரிக்கும் ஒரு கம்பெனியில் பெயின்ட் ஷாப் வேலை. காலை ஷிஃப்ட்டுக்குக் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க பைக்கில் போனவர், கொட்டிக் கிடந்த ஜல்லியில் சறுக்கி விழுந்திருக்கிறார். உடம்பில் பெரிய காயம் இல்லை. ஹெல்மெட் பைக்கின் கண்ணாடியில் மாட்டியிருந்தது, அதில் ஒரு கீறல்கூட இல்லை.

அவர் மனைவி அமுலுவும் வேலைக்குப் போகிறவர்தான். கார்களுக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் லைன் லீடர். விபத்து நடந்ததும் யாரோ போன் செய்து சொன்னபோது, "ஃபோன அவர்கிட்டயே குடுங்க, எனக்கு வேல கீது" என்று சொல்லிக் கட் செய்துவிட்டாராம். மூன்றாவது தடவை வேறு குரல் பேசிய பிறகுதான் கிளம்பியிருக்கிறார்.

அப்படிப்பட்ட பெயரை ஏழுமலை சம்பாதித்து வைத்திருந்தார். மோட்டார் ஸ்விட்சைப் போட்டுவிட்டு ஷாக் அடித்த மாதிரி விழுந்து கிடப்பார். அமுலு அலறிக்கொண்டு ஓடிவந்து கட்டையால் தள்ளினால் ஒரு கண்ணை மட்டும் திறந்து, "டீ போட்டியா?" என்று கேட்பார். கம்பெனியிலும் அதே கதைதான். பெயின்ட் பூத்துக்குப் போடும் வெள்ளை உடையை முழுக்க மாட்டிக்கொண்டு, டிராலியில் விறைத்துப் படுத்து, சேஃப்டி ஆபீசரை ஸ்ட்ரெச்சரோடு ஓடவிட்டிருக்கிறார். அதற்கு மெமோ வாங்கினார். மெமோவை வாங்கும்போதும் மயங்கி விழுந்தார்.

இப்படி ஒருவர் கண்ணை மூடிப் படுத்திருந்தால் யார்தான் நம்புவார்கள்?

முதல் நாளே அமுலு கட்டிலருகில் இடுப்பில் கை வைத்து நின்று, "போதும், எந்திரி. எல்லாரும் பாக்குறாங்க" என்றார். நான் பக்கத்தில் மருந்து மாற்றிக்கொண்டிருந்தேன். அவர் குரலில் பயம் இல்லை, எரிச்சல்தான் இருந்தது. 

போதாக்குறைக்கு எங்கள் ஜூனியர் டாக்டர் ஒருவர், விசாரித்த உறவினரிடம், "பி.பி. ஸ்டேபிளா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். மருந்தின் தயவில் பி.பி. இறங்காமல் இருக்கிறது என்பதுதான் அவர் சொல்ல வந்தது. மண்ணூர் முழுக்கப் போய்ச் சேர்ந்தது, "ஏழுமலை ஸ்டேபிள்."

3. இசக்கியின் பைக் சாவி

அந்தக் காலை ஆட்ட வைத்தவன் இசக்கி. திருநெல்வேலிப் பக்கத்துப் பையன். பெயின்ட் ஷாப்பில் ஏழுமலையோடு ஒரே லைன், அவர் வீட்டு மாடி ரூமில்தான் வாடகைக்கு இருந்தான். பார்வையாளர் நேரத்தில் உள்ளே வந்தவன், நான் திரும்பிய சமயம் பார்த்து, பைக் சாவியால் ஏழுமலையின் உள்ளங்காலில் ஒரு கோடு இழுத்திருக்கிறான். கால் வெடுக்கென்று மடங்கியது.

"அண்ணாச்சி சும்மா நடிக்காவ அக்கா. கூச்சம் தாங்கல பாத்தீயளா?" என்றான் என்னிடம். முகமெல்லாம் சிரிப்பு. நான் வாயைத் திறப்பதற்குள் வெளியே ஓடிவிட்டான். அடுத்த அரைமணியில் லட்டு.

நரம்பியல் டாக்டரைக் கூட்டிவந்தேன். அவர் காரிடாரிலேயே நின்று பொறுமையாக விளக்கினார். உள்ளங்காலைத் தொட்டால் முதுகுத்தண்டு அந்த மட்டத்திலேயே தசையை இழுத்துவிடும், மூளைக்குச் சேதி போகவே தேவையில்லை, மூளை இறந்த பிறகும் இது சிலருக்கு நடக்கும் என்றார். தொண்டையில் குழாயை ஆட்டினாலும் இருமல் இல்லை, கண்ணில் வெளிச்சம் அடித்தாலும் கண்பாப்பா சுருங்கவில்லை, அதுதான் கணக்கு என்றார்.

எல்லாரும் தலையாட்டினார்கள். டாக்டர் போனதும் ஒருவர், "அவுருக்கு ஏழுமலையத் தெரியாது" என்றார். அத்தோடு விளக்கம் முடிந்தது.

4. எழுப்ப வந்தவர்கள்

இனி நான் தடுத்தாலும் திருட்டுத்தனமாகச் செய்வார்கள் என்று தெரிந்துவிட்டது. அதனால் ஒரு விதி போட்டேன். ஒவ்வொருவராக வரலாம், என்ன வேண்டுமானாலும் பேசலாம், எந்த ஒயரையும் குழாயையும் தொடக்கூடாது. இதனால் அவர் எழுந்திருக்க மாட்டார் என்பதையும் சொல்லிவிட்டுத்தான் உள்ளே விட்டேன். அதை யாரும் காதில் வாங்கவில்லை.

ஒருவர் கம்பெனி சைரனைச் செல்போனில் பதிவு செய்து கொண்டுவந்து காதருகே போட்டார். பக்கத்துக் கட்டிலில் ஒரு பெரியவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். இன்னொருவர், தீபாவளி போனஸ் ஏறிவிட்டதாகப் பொய் சொன்னார். இசக்கி சட்டைக்குள் பிரியாணி பொட்டலம் ஒளித்துக் கொண்டுவந்து ஏழுமலையின் மூக்கருகே பிரித்தான். நான் அதைப் பறிப்பதற்குள் வாசனை ஐ.சி.யூ. முழுக்கப் பரவி, இரண்டு நாளாக எதுவும் வேண்டாம் என்று அடம்பிடித்த ஒரு நோயாளி, தனக்கும் வேண்டும் என்று கேட்டார். ஏழுமலைக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. இசக்கி பொட்டலத்தை மடித்து எடுத்துக்கொண்டு மெதுவாக வெளியே போனான். போகும்போது என்னைப் பார்க்கவில்லை.

கடைசி ஆயுதமாக அவர்கள் கூட்டிவந்தது சூப்பர்வைசர் நடராஜனை. ஏழுமலை உலகத்தில் பயப்படும் ஒரே ஆள் அவர்தானாம். மெமோ கொடுத்ததும் அவர்தான். நீல கவுனும் காலுறையும் மாட்டி உள்ளே வந்தவர், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஷிஃப்ட் மீட்டிங்கில் நிற்பதைப் போல நின்றார். திட்டுவார் என்று எதிர்பார்த்துக் கண்ணாடிக்கு வெளியே எல்லாரும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏழுமலை, லைன்ல ஆள் இல்ல. வா" என்றார். திட்டும் சத்தம் வரவில்லை. "அந்த மெமோவக் கிழிச்சிட்டேன்யா."

பிறகு என்னிடம், "இவன் சிரிப்ப அடக்கினா வயிறு குலுங்கும்மா. நான் அதத்தான் பாத்துகினு இருந்தேன். குலுங்கல" என்று சொல்லிவிட்டு வெளியே போய் மாடிப்படியில் உட்கார்ந்தார். அவரைப் பார்த்த பிறகு மற்றவர்கள் யாரும் உள்ளே வரக் கேட்கவில்லை.

5. அமுலு

அமுலு மட்டும் வந்தார். என்னிடம், திரையை இழுத்துவிடச் சொன்னார். இழுத்துவிட்டு நானும் உள்ளேயே நின்றேன். போகச் சொல்லவில்லை.

கணவர் காதருகே குனிந்து, பைக்கை விற்றுவிட்டதாகச் சொன்னார். கொஞ்சம் பார்த்தார். மாடி ரூமை மாமா பையனுக்கு எழுதிவைத்துவிட்டதாகச் சொன்னார். மறுபடி பார்த்தார். பிறகு அதுவரை செய்த சேட்டைக்கெல்லாம் சேர்த்துத் திட்ட ஆரம்பித்தார். நான் ஐ.சி.யூ.வில் எல்லா வகை வசவும் கேட்டவள். அதில் சில எனக்கே புதிது. திட்டி மூச்சு வாங்கி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, கடைசியாக மெதுவாகச் சொன்னார்:

"எங்கம்மா நம்ம வூட்டுக்கே வந்துட்றாங்களாம். இனிமே நம்ம கூடத்தான் இருப்பாங்க."

சொல்லிவிட்டு அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். புருவம், உதடு, இமை. வென்டிலேட்டர் தன் பாட்டுக்குக் காற்றைத் தள்ளிக்கொண்டிருந்தது. மாமியார் வீட்டோடு வருகிறார் என்று கேட்டும் ஏழுமலை அப்படியே படுத்திருந்தார்.

அமுலு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "இதுக்கே எந்திரிக்கல சிஸ்டர்" என்றார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவரை உட்கார வைத்தேன். அப்போதுதான் அவர் முதல் தடவையாகக் கேள்வி கேட்டார்.

"அப்ப இந்த மூச்சு இன்னா?"

"மெஷினோடது. அவரோடது இல்ல."

"நெஞ்சு துடிக்குதே."

"இதயம் மூளைய எதிர்பாக்காம கொஞ்ச காலம் துடிக்கும். காத்து கிடைக்கிற வரைக்கும்தான்."

"எடுத்துட்டா?"

"நின்னுடும்."

"நீங்க எடுக்குறதால சாவாரா?"

இந்தக் கேள்விக்குப் பல டாக்டர்கள் சுற்றி வளைத்துப் பதில் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். நான் இல்லை என்றேன். அவர் ஏற்கெனவே இறந்துவிட்டார், நாம் எடுக்கப்போவது மெஷினை மட்டும்தான் என்றேன்.

இரண்டாவது சோதனையின்போது தானும் நின்று பார்க்கலாமா என்று கேட்டார். டாக்டரிடம் சொன்னேன், ஒத்துக்கொண்டார். ஆக்சிஜன் மட்டும் உள்ளே போகும்படி விட்டு, வென்டிலேட்டரைக் கழற்றினார்கள். சொந்த மூச்சு வருகிறதா என்று பார்க்கும் சோதனை அது. மெஷின் சத்தம் நின்றதும் அறையே வேறு மாதிரி ஆகிவிட்டது. டாக்டர்கள் நெஞ்சைப் பார்த்தார்கள். அமுலு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு வயிற்றைப் பார்த்தார். நேரம் போய்க்கொண்டே இருந்தது. ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் எங்களை நோக்கித் தலையசைத்தார்.

"இவ்ளோ நேரம் இவரால முடியாது" என்றார் அமுலு. "எப்பவோ சிரிச்சிருப்பாரு."

வெளியே வந்து அவரே எல்லாரிடமும் சொன்னார். நான் பக்கத்தில் நின்றேன், அவ்வளவுதான். இசக்கி சுவரோடு சரிந்து உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதான். அமுலு அவன் தலையில் கை வைத்து, "நீ கால சொறிஞ்சதுல தப்பில்லடா. நானும் எல்லாத்தையும் சொல்லிப் பாத்துட்டேன்" என்றார்.

6. கண்

உறுப்பு தானம் பற்றிப் பேச வேறு ஆள் உண்டு. அவர் வந்து அமுலுவையும் ஏழுமலையின் அண்ணனையும் உட்கார வைத்துப் பேசினார். வேண்டாம் என்றாலும் யாரும் வற்புறுத்த மாட்டார்கள், அப்போதும் மெஷினை எடுப்பது பற்றி அவர்களோடு பேசித்தான் முடிவு செய்வோம் என்றார். அண்ணன், "அமுலு சொல்றதுதான்" என்றார்.

அமுலு கிட்னி கொடுக்கலாம் என்றார். கல்லீரல் கொடுக்கலாம் என்றார். இதயம் என்றபோது கொஞ்சம் அழுதுவிட்டு அதற்கும் சரி என்றார். கண் என்றதும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். காரணம் யாரும் கேட்கவில்லை. கேட்பது எங்கள் வேலையும் இல்லை.

ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோகும்போது லிஃப்ட் வரை வந்தார். கதவு மூடப்போகும் நேரத்தில் கையை நீட்டித் தடுத்தார்.

"கண்ணும் எடுத்துக்கச் சொல்லுங்க சிஸ்டர்" என்றார். பிறகு என் பக்கம் சாய்ந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல், "யாருக்கு வைக்கிறாங்களோ அந்த வூட்டுக்காரிகிட்ட மட்டும் ஒரு வார்த்த சொல்லி வச்சிருங்க. போற வர பொம்பளைங்களப் பாத்துக் கண்ணடிக்கும். திட்டினா அடங்கிடும்" என்றார்.

கண் யாருக்குப் போகிறது என்று எங்களுக்குத் தெரியவராது. அது அவருக்கும் தெரியும். சொல்லி வைக்கிறேன் என்றேன். லிஃப்ட் மூடியது.

புதுப் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். உங்கள் நோயாளியை எழுப்பிப் பார்க்க வருகிறவர்களைப் படிக்காதவர்கள், புரியாதவர்கள் என்று நினைக்காதீர்கள். அவர் எதற்கு எழுந்திருப்பார் என்பது நம்மைவிட அவர்களுக்குத்தான் தெரியும். ஒவ்வொன்றாகச் செய்து பார்க்கட்டும். அவருக்குக் கேட்கும் என்று பொய் சொல்லாதீர்கள், போதும் என்று விரட்டாதீர்கள். எல்லாம் செய்து முடித்துவிட்டு அவர்களாகவே நம் பக்கம் திரும்புவார்கள். அப்போது அங்கே இருங்கள்.