கடைசிப் பக்கத்தில் ஒரு பதில்

என் சித்திக்குப் புத்தகத்தைப் படித்தால் மட்டும் போதாது, அதோடு சண்டையும் போட்டாக வேண்டும். அம்மாவின் தங்கை அவள். ரிச்சர்ட்ஸ் டவுனில் எங்களோடுதான் இருந்தாள். சனிக்கிழமையும் ஆபீஸ் உண்டு. காலை ஏழு மணிக்கு வைட்ஃபீல்டுக்குப் போகும் ஆபீஸ் கேப்பில் ஏறினால், திரும்பி வருவதற்குள் தெருமுனை வாடகை நூலகத்தின் ஷட்டர் இறங்கியிருக்கும். ஞாயிறு நூலக அங்கிள் சர்ச்சுக்குப் போய்விடுவார். ஆகவே சனிக்கிழமைதோறும் புத்தகம் மாற்றும் வேலை, பத்து வயதுப் பெண்ணான என் தலையில் விழுந்தது.

அங்கே படித்தவர்கள் புத்தகத்தின் கடைசி வெற்றுப் பக்கத்தில் பென்சிலால் அபிப்பிராயம் எழுதிவைப்பார்கள். 'சூப்பர்', 'ஒரே அறுவை' என்ற அளவில்தான். சித்தி அதற்குள் அடங்குவாளா? ஒரு குடும்ப நாவலில், 'கதாநாயகி இருநூறு பக்கம் அழுகிறாள், ஒருவரும் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்கவில்லை' என்று எழுதினாள். ஒரு சுயமுன்னேற்றப் புத்தகத்தில், 'விடியற்காலையில் எழுந்து சாதித்தாராம். காபி போட்டுக் கொடுத்தது யார்?' என்று கேட்டாள். சில வாரம் கழித்து அதே புத்தகத்தை நான் தற்செயலாகப் புரட்டியபோது, கீழே சாய்ந்த பொடி எழுத்தில் பதில் இருந்தது: 'அவர் மனைவி. நன்றிப் பட்டியலில் கடைசிப் பெயர்.'

வீட்டுக்கு வந்து ஒப்பித்தேன். சித்தி விழுந்து விழுந்து சிரித்தாள். எழுதியது ஆணா பெண்ணா, யாருக்கும் தெரியாது. அதற்குப் பிறகு பழைய புத்தகங்களின் கடைசிப் பக்கத்தைப் பார்த்துவந்து சொல்வதும் என் வேலையாகிவிட்டது.

அந்த மழைக்காலத்தில் சித்திக்கு இருப்பே கொள்ளவில்லை. நின்றுகொண்டு படித்தாள், அடுக்களைக்கும் பால்கனிக்கும் நடந்துகொண்டே படித்தாள். மூன்று புத்தகங்களைத் தொடங்கி மூன்றையும் பாதியில் கவிழ்த்துவைத்தாள். ஆபீஸில் அவளுக்குப் புனேயில் பெரிய வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். வேலூரிலிருந்து பெண் பார்த்துவிட்டுப் போனவர்களோ, புனேயெல்லாம் சரிப்படாது என்றார்கள். அம்மாவும் அப்பாவும் அவர்கள் பக்கம். எனக்கு இதெல்லாம் பெரியவர்களின் வழக்கமான தொணதொணப்பு.

அவள் முழுதாகப் படித்தது ஒரு பயணப் புத்தகத்தை மட்டும்தான். தனியாக ஒரு ஆற்றங்கரை நெடுக நடந்த பெண் எழுதியது. அதன் கடைசிப் பக்கத்தில் சித்தி எழுதினாள்: 'எல்லாம் சரி. வீட்டில் அத்தனை பேரும் வேண்டாம் என்னும்போது ஒருத்தி எப்படிக் கிளம்புவது? அதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டார்.'

அடுத்த இரண்டு சனிக்கிழமையும் புத்தகம் வெளியே போயிருந்தது. மூன்றாவது சனிக்கிழமை கேப் வந்து ஹாரன் அடித்துக்கொண்டிருக்க, சித்தி என் தோளைப் பிடித்தாள். வேலூர்க்காரர்களுக்கு மறுநாள் பதில் சொல்லியாக வேண்டும்.

"இன்னிக்காவது வந்திருக்கும் பாப்பா. ஒரு எழுத்து விடாம படிச்சிட்டு வந்து சொல்லு."

வந்திருந்தது. மேஜைமேலேயே கிடந்தது. திருப்பினேன். அதே சாய்ந்த எழுத்து: 'எழுதியிருக்கிறாரே! முதல் அத்தியாயத்தில் யாரிடமும் கேட்டதாக ஒரு வரிகூட இல்லை, பாருங்கள். நீங்களும் கேட்காதீர்கள். கிளம்புங்கள்.'

தலைக்கு மேல் அங்கிளின் குரல் கேட்டது.

"ஓ, இந்தக் கிறுக்கலெல்லாம் உங்க வீட்டு வேலைதானா? இது என்னம்மா, உன் ரஃப் நோட்டா?" மேஜை டிராயரிலிருந்து ஒரு ரப்பரை எடுத்து என் கையில் திணித்தார். "எல்லாத்தையும் அழி. இல்லேன்னா கார்டு கேன்சல். ஒரு எழுத்து இருக்கக் கூடாது, புரிஞ்சுதா, ஆய்த்தா?"

கார்டு போனால் என் காமிக்ஸும் போய்விடும். அழித்தேன். கேள்வியை அழித்தேன், பதிலையும் அழித்தேன். பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த மாதிரி தூளை வாயால் ஊதிச் சுத்தம்கூடச் செய்தேன். அந்தக் கெட்டிக்காரத்தனத்தை நினைத்தால் இன்றும் எனக்கு என்மேல் ஆத்திரம்தான் வருகிறது.

சாயங்காலம் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே கேட்டாள்.

"இருந்துச்சா?"

அழித்ததைச் சொன்னால் திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு அங்கிளோடு சண்டைக்குப் போவாள், கார்டு போய்விடும். நான் கணக்காக ஒரு பதில் சொன்னேன்.

"வெறும் பக்கம்தான் சித்தி."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன். ஒண்ணுமே இல்ல."

அது பொய்யில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

சித்தி கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அம்மா கொடுத்த காபியை முழுக்கக் குடித்து முடித்தாள். பிறகு, "சரிக்கா, அவங்ககிட்ட சம்மதம்னு சொல்லிடுங்க" என்றாள். அம்மா ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். அப்பா வேலூருக்கு போன் போட்டார்.

அத்தனை சத்தத்திலும் சித்தி அந்த நாற்காலியை விட்டு அசையவே இல்லை. ஒரு மாதமாக ஓரிடத்தில் நிற்காதவள் இவ்வளவு நேரம் சும்மா உட்கார்ந்திருக்கிறாளே, ஒருவழியாக நிம்மதி வந்துவிட்டது என்று நினைத்து, நானும் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.